ரெஜிஷா தொட்ட செந்துளுவன்

ரெஜிஷா என்ற பெயர் என் காதில் முதலில் விழுந்தது ஒரு வசவாகத்தான். என் நாத்தனார் மகன் சுதன் வீட்டில் அவன் மகளுக்குக் காதுகுத்து. அடுக்களையில் பெண்கள் எல்லாம் வட்டமாக உட்கார்ந்து அவியலுக்குக் காய் அரிந்துகொண்டிருந்தோம். சுதனின் மனைவி ரேஷ்மி சேனையைத் தோல் சீவியபடி, யாரும் கேட்காமலே ஆரம்பித்தாள்.

"ரெஜிஷான்னு ஒரு குட்டியாம் மாமி. அவ கை பட்டுத்தான் எங்க வாழை பூரா வெளங்காம போச்சு."

"ஆருட்டி அவ? உங்க வாழை விளைக்கு வேலைக்கு வந்தவளா?"

"விளைக்கு ஏன் வாறா? குப்பிக் கன்னு உண்டாக்குத எடத்துல இருக்கா. இனயம் கடல்பெறத்துக்காரி. மாசத்து நாள்லயும் லீவு போடாம வந்து தொட்டிருக்கா பாத்துக்கிடுங்க. செந்துளுவன் நட்டா பச்சத் தண்டா நிக்கு."

சுற்றி இருந்தவர்கள் "ஐயே" என்று முகம் சுளித்தார்கள். அத்தனை பேரும் பெண்கள். அத்தனை பேரும் மாதாமாதம் அந்த நாட்களைக் கடந்து வந்தவர்கள். இரண்டு பேர் அன்றைக்கும் அதே நாளில்தான் இருந்தார்கள், எனக்குத் தெரியும். அவர்கள் கையால் அரிந்த காயைத்தான் பந்தியில் எல்லாரும் சப்புக்கொட்டித் தின்றார்கள். எந்த அவியலும் கெட்டுப்போகவில்லை. எனக்கு அன்று பிடித்த கோபம் இதை எழுதும்போதும் விட்டபாடில்லை.

வாழை பெருகுவது எப்படி என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகளைக் கேட்டாலும் சொல்லும். நாம் தின்கிற வாழைக்கு விதை கிடையாது. பூ வரும். ஆனால் அந்தப் பூவுக்கு வண்டும் வேண்டாம், மகரந்தமும் வேண்டாம், தானே காயாகிவிடும். பழத்துக்குள் கறுப்பாகப் பொடிப்பொடியாகக் கிடப்பது விதையாக வேண்டியது, ஆகாமலே நின்றுவிட்டது. வம்சம் எல்லாம் மண்ணுக்கு அடியில், கிழங்கில் இருக்கிறது. தாய் குலை தள்ளுவதற்கு முன்பே பக்கத்தில் கன்று முளைத்துவிடும். தாய் மட்டி என்றால் கன்றும் மட்டி, தாய் ஏத்தன் என்றால் கன்றும் ஏத்தன்.

செந்துளுவனுக்கு மட்டும் ஒரு கிறுக்குக் குணம் உண்டு. தண்டு சிவப்பு, பழம் சிவப்பு, எல்லாம் ஒழுங்காக இருக்கும். திடீரென்று அதே மூட்டில், அதே கிழங்கின் அடியில், பச்சைத் தண்டோடு ஒரு கன்று கிளம்பும். அதன் குலை பழுத்தாலும் சிவக்காது. சந்தையில் அதைச் செந்துளுவன் என்று யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். அதனால் பச்சை கண்ட மூட்டில் யாரும் நடவுக்குக் கன்று எடுப்பதில்லை.

குப்பிக் கன்று என்பது பிறகு வந்தது. டிஷ்யூ கல்ச்சர் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். கன்றின் தண்டை உரித்து உரித்து உள்ளே போனால் நகத்தளவுக்கு வெள்ளையாக ஒரு குருத்து இருக்கும். அதை எடுத்துக் கண்ணாடிக் குப்பியில், சத்து கலந்த கூழில் வைக்கிறார்கள். அது பக்கத்தில் முளைவிட்டு ஒன்று பலதாகிறது. அதை மறுபடி வெட்டிப் பிரித்து வேறு குப்பிகளில் வைத்தால் இன்னும் பலது. இப்படியே ஒரு கன்றிலிருந்து ஒரு ஊருக்கே வாழை உண்டாக்கிவிடுகிறார்கள். தாய் நல்லது என்றால் ஊர் முழுக்க நல்லது. தாய் கோளாறு என்றால் ஊர் முழுக்கக் கோளாறு. இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதை கண்ணாடி போலத் தெரியும்.

காதுகுத்து முடிந்த வாரத்தில் மீன்காரி விக்டோரியா எங்கள் தெருவுக்கு வந்தாள். விக்டோரியாவுக்கும் எனக்கும் நீண்ட காலப் பழக்கம். அவள் மாமியார் தலையில் கூடை சுமந்து வந்த காலத்திலேயே எங்கள் வீட்டுக்குச் சாளையும் அயிலையும் அந்தக் குடும்பத்திலிருந்துதான். அவள் வீட்டுக்காரர் ஏசுஅடிமை கடலுக்குப் போகிறவர். அன்று மீனைக் கூறு வைத்தவள் விலை சொல்லவில்லை, முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

"எக்கா, எனக்க மூத்த குட்டிய வேலைய விட்டு நிறுத்திட்டாவ."

"எந்தக் குட்டி?"

"ரெஜிஷா. கருங்கல்லுக்கு அந்தப்பக்கம் குப்பியில வாழை வளக்குத லேப்புல நிண்ணாளே, அவதான். தீட்டோட தொட்டாளாம், வாழை கெட்டுப் போச்சாம். நீங்களே சொல்லுங்கக்கா, இது ஒரு மனுசன் சொல்லுத காரியமா?"

ரேஷ்மி வாயில் வசவாக வந்த பெயர் இந்த விக்டோரியா பெற்ற பிள்ளையின் பெயர்! தாலூகா முழுக்கச் சொந்தக்காரர்களின் மூன்று தலைமுறையைச் சொல்லுவேன். வாரம் தவறாமல் வாசலில் வந்து நிற்கிறவளின் மகள் பெயர் எனக்குத் தெரியவில்லை.

ரெஜிஷா செடிகொடிப் படிப்புப் படித்தவள். அவளுக்கு முன்னால் அந்த வீட்டில் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. லேப்பில் அவள் வேலை குருத்து வெட்டுவது. உள்ளே போகும்முன் செருப்பை வெளியே விட வேண்டும். சோப்பு போட்டுக் கை கழுவி, மறுபடி ஸ்பிரிட் விட்டுத் துடைத்து, தலைக்குத் தொப்பி, வாய்க்குத் துணி, கைக்கு உறை. வடிகட்டிய காற்று வீசுகிற கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் சூடு காட்டி ஆறவைத்து வெட்ட வேண்டும். அங்கே பேசக்கூடக் கூடாது. எச்சில் காற்று பட்டாலே குப்பிக்குள் பூஞ்சை பிடித்துவிடுமாம். எங்கள் பக்கத்துக் கோயில்களில் பூசை செய்கிறவர்கள்கூட இத்தனை முறை கை கழுவி நான் பார்த்ததில்லை. அப்படிக் கழுவின கையைத்தான் இவர்கள் அசுத்தம் என்றார்கள்.

அந்தப் பழி அவள் தலையில் எப்படி வந்து விழுந்தது என்பதைச் சுதன்தான் என்னிடம் சொன்னான். சுதன் கெட்டவன் அல்ல, மாமனார் பேச்சுக்கு மறுபேச்சு பேசத் தெரியாதவன். மாமனார் ஜெயசிங், ரேஷ்மியின் அப்பா, வேர்க்கிளம்பிப் பக்கம் பெரிய வாழைக்காரன். அவன் விளையும் மருமகன் விளையும் ஒரே வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும். சுதன் குப்பிக் கன்று நட்டு நாலைந்து மாதத்தில் பாதிக்குமேல் பச்சைத் தண்டாக நிமிர்ந்ததும், ஜெயசிங் லேப்பின் முதலாளியைப் போனில் கூப்பிட்டான். முதலாளி டாக்டர் ரதீஷ். ஊசி போடுகிற டாக்டர் அல்ல, செடியைப் படித்து வாங்கின பட்டம்.

"டாக்டரே, அங்க குப்பி தொடுதது ஆரு? பெண்டுகளா?"

"ஆமா அண்ணாச்சி, எல்லாம் லேடீஸ்தான்."

"மாசத்து நாள்ல லீவு உண்டா அவளுகளுக்கு?"

"கேட்டா குடுப்போம். ஒரு பொண்ணு மட்டும் லீவே எடுக்க மாட்டா. ரெஜிஷான்னு, கோஸ்ட்டல் ஏரியா."

பாருங்கள், ஒரு பிள்ளை லீவு எடுக்காமல் வேலை பார்த்தது குற்றமாகிப் போனது. மற்ற நாளில் அதையே ரதீஷ் மெச்சியிருப்பார். தன் பக்கம் விரல் நீளும் என்று தெரிந்ததும், அந்த மெச்சலையே எடுத்து அவள் தலையில் போட்டார். ஜெயசிங்குக்கு அது போதும். பெண், அதிலும் கடற்கரைப் பெண், அதிலும் மீன் தின்கிற கை. ஜெயசிங் மட்டும் என்ன தின்கிறான்? நெத்திலி இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

இன்னொன்றும் சொல்லாமல் விடமாட்டேன். ஜெயசிங் ஞாயிற்றுக்கிழமைதோறும் தலைப்பாகை கட்டி, நெற்றியில் நாமம் இட்டு, எங்கள் வழிபாட்டு இடமான நிழல்தாங்கலுக்குப் போகிறவன். நானும் அந்த வழிதான். எங்கள் முன்னோரைத் தொட்டால் தீட்டு, பக்கத்தில் வந்தால் தீட்டு என்று தள்ளி நிறுத்தினார்கள். அதற்கு எதிராகத்தான் எல்லாச் சாதியும் ஒரே கிணற்றுத் தண்ணீரைக் கோரிக் குளி என்று அந்த வழி சொன்னது. ஜெயசிங்கின் அப்பாவைப் பெற்றவள், மாரை மறைத்துத் தோளில் சேலை போட்டதற்காக மேல்சாதிக்காரர்களிடம் தன் பாட்டி பட்ட அடியைச் சொல்லிச் சொல்லி அழுவாள். அந்த வம்சத்துப் பிள்ளை இன்னொரு வீட்டுப் பெண்ணைப் பார்த்துத் தீட்டு என்கிறான். நாக்கு கூசவில்லையே.

வேலை போனது மட்டும் என்றால் விக்டோரியா அத்தனை அழுதிருக்க மாட்டாள். நம் ஜில்லாவில் இந்த லேப்புகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். ஒன்றில் நடந்தது அடுத்ததில் தெரிந்துவிடும். தக்கலைப் பக்கம் ஓரிடத்தில் போய்க் கேட்டதற்கு, "நீதானா அந்த ரெஜிஷா?" என்று சிரித்து அனுப்பியிருக்கிறார்கள். படித்த படிப்புக்கு உண்டான ஒரே வாசல் அடைபட்டுப் போகப் பார்த்தது. அவள் கேட்டது ஒரே ஒரு வாக்கியம். 'வாழை கெட்டதற்கும் இவள் உடம்புக்கும் சம்பந்தமில்லை' என்று முதலாளி நாலு பேருக்கு முன்னால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அதைச் சொல்லவைக்க வேண்டும் என்று நான்தான் சுதனை உலுக்கினேன். "ஏலே, உனக்க வாழையப் பாக்க அந்த டாக்டரக் கூப்பிடு. அந்தப் பிள்ளையும் வரட்டு. மொகத்துக்கு மொகம் பேசட்டு."

ஒரு சனிக்கிழமை காலையில் எல்லாரும் சுதனின் விளையில் கூடினோம். ரதீஷ் காரில் வந்தார். விக்டோரியாவும் ரெஜிஷாவும் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்தார்கள். அன்றுதான் நான் ரெஜிஷாவைப் பார்த்தேன். குட்டையான, கறுத்த, கண்ணாடி போட்ட பிள்ளை. யாரையும் பார்த்து அவள் தலையைக் குனியவில்லை. அதுவே ஜெயசிங்குக்குப் பிடிக்கவில்லை.

"குட்டி வேலிக்கு அந்தால நின்னா போதும். விளைக்க உள்ள ஏற வேண்டாம்."

விக்டோரியாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் அண்ணாச்சி, நாங்க கொண்டு வாற மீனு உங்க வயித்துக்க உள்ள போவலாம், எனக்க பிள்ள உங்க வேலிக்க உள்ள வரப்பிடாதோ?"

"மீனும் வாழையும் ஒண்ணாட்டி?"

"எது ஒண்ணோ இல்லியோ, நாறுதது உங்க வாயிதான்."

சுதன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாழையின் அடியைப் பார்த்து நின்றான். நான் ரெஜிஷாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். ஜெயசிங் என்னை முறைத்தான். "மைனி, பெரியவிய நீங்களே இப்பிடிச் செய்யலாமா?" என்றான். "பெரியவளா இருக்கதுனாலதான் செய்யேன்" என்றேன்.

ரெஜிஷா நேராக ரதீஷிடம் போனாள்.

"சார், நீங்க படிச்சவங்க. தீட்டுக்கும் தண்டு பச்சையா போறதுக்கும் சம்பந்தம் இல்லன்னு இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

ரதீஷ் செல்போனை எடுத்துப் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை. "அது வந்து… அவங்க நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கில்ல ரெஜிஷா. நாம அதுல தலையிட முடியுமா?"

"அவங்க நம்பிக்கைக்கு எனக்க வேலையா கெடச்சுது?"

அவர் செல்போனை மறுபடி பையில் போட்டார். அந்த மனிதர் மேடை ஏறினால் திசு, மரபணு என்று மூச்சுவிடாமல் பேசுவாராம்.

ஜெயசிங் விடவில்லை. "வெத்திலக் கொடிய அந்த நாள்ல தொட்டா வாடும், எங்க அம்மை சொல்லித் தந்தது. வாழக் குருத்து அதவிட எளசு. வாடாம இருக்குமா?"

ரெஜிஷா அவன் பக்கம் திரும்பினாள். "மாமா, இந்தக் கன்னு எல்லாம் வெட்டி வெட்டிப் பெருக்க ஒரு வருசத்துக்கும் மேல ஆச்சு. ஒவ்வொரு தடவையும் வெட்டுனது நானும் கூட உள்ள பிள்ளைகளும். ஒரு வருசமும் நிக்காம எனக்குத் தீட்டா? அப்பிடிண்ணா என்னை இங்க இல்ல, நெய்யூர் ஆஸ்பத்திரியிலதான் கொண்டு போட்டிருக்கணும்."

வாய்விட்டுச் சிரித்தது நான் மட்டும்தான். ஜெயசிங்கின் முகம் கறுத்தது. ஒரு பெண் ஆண்களுக்கு முன்னால் அந்த நாளைப் பற்றி வாய்திறந்து பேசியது அவனுக்குப் பெரிய அவமானமாகிவிட்டது. அவன் மட்டும் போன் போட்டு அதைப் பேசலாம்.

"அப்போ எப்பிடிக் கெட்டு? சொல்லு. எங்கிருந்து வந்து இந்தப் பச்ச?"

"விளையில நிக்குத வாழையப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது மாமா. செவப்பு எது, பச்ச எதுன்னு கடல்பெறத்துல எவரு சொல்லித் தந்தா? தாய்க் கன்னு சிமெண்டுச் சாக்குல நீங்கதான் கொண்டு வந்தீங்க. வெளிய பணிக்காரங்க தண்டச் செத்தி உரிச்சுத் தந்தாங்க. உள்ள இருந்த வெள்ளய நான் வெட்டுனேன்."

இதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜெயசிங்கின் வீட்டில் பரம்பரையாக ஒரு வழக்கம் உண்டு. நல்ல மூட்டுக் கன்று வேலியைத் தாண்டிப் போனால் விளையின் ஐசுவரியமும் கூடவே போய்விடும் என்பார்கள். ஆகவே யார் வந்து கன்று கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். கழித்துப் போடுகிற மூட்டைப் பார்த்துத் தோண்டிக் கொடுப்பார்கள். என் மாமியாருக்கு ஜெயசிங்கின் அப்பா கொடுத்த ஏத்தன் கன்றில் குலையே வரவில்லை, ஆடுதான் தின்றது.

நான் வாயைத் திறக்கும் முன்பே ஜெயசிங் தன் வாயால் மாட்டிக்கொண்டான். பெருமை அப்படி.

"என்ன சொல்லுக குட்டி? நான் குடுத்தது கள்ளக் கன்னா? எனக்க விளை மாதிரி செந்துளுவன் இந்த ஏரியாவுல உண்டா? வா, எல்லாரும் வாங்க, காட்டுகேன்!"

வேலியின் படலைத் திறந்து விறுவிறுவென்று முன்னால் நடந்தான். நாங்கள் பின்னால் போனோம். முன்வரிசையில் நின்ற வாழை எல்லாம் சிவப்பு, உண்மையிலேயே அழகு. ரதீஷ் தலையாட்டிக்கொண்டார்.

"எந்த மூட்டுல எடுத்தே ஜெயசிங்கு?" என்று கேட்டேன்.

"இதெல்லாந்தான்."

"தோண்டின குழி காணலியே. ஒரு மூட்டுலயும் வெட்டின பாடு இல்ல."

அப்போதுதான் ரேஷ்மி, சூது வாது தெரியாதவள், சட்டென்று சொல்லிவிட்டாள். "அப்பா, மாட்டுத் தொழுத்துக்குப் பொறத்தால உள்ளதுல்லா தோண்டினீரு. நான்லா சாக்கு பிடிச்சேன்."

"நீ சும்ம கெட சவமே!"

ஆனால் விக்டோரியா அதற்குள் தொழுத்தின் பின்பக்கம் போய்விட்டாள். அங்கே சாணிக்குழியின் ஓரத்தில் நாலைந்து மூடு. ஒரே மூட்டில் ஒரு தண்டு சிவப்பு, ஒட்டியே இன்னொரு தண்டு பச்சை. பக்கத்து மூட்டில் முழுக்கவே பச்சை. வேரோடு கன்று பெயர்த்த பள்ளங்கள் சருகு மூடிக் கிடந்தன. வாழையைப் பற்றித் தெரியாத ரெஜிஷாவுக்கும் அது தெரிந்தது.

ரேஷ்மிக்கு அழுகையே வந்துவிட்டது. "இது நாம கழிச்சுப் போட்ட மூடுல்லா அப்பா! அன்னைக்கு இருட்டுல சாக்கு பிடிச்ச எனக்குத் தெரியலியே. இதையா குடுத்தீரு? உமக்க மருமவன் நடப்போற வாழைக்கா?"

ஜெயசிங் கத்தினான். "இவனுக்கு நடத்தான்னு எனக்குத் தெரியுமா? டாக்டரு போன்ல காசில்லாம சும்ம கன்னு கேட்டாரு. சும்ம கேட்டா நல்ல மூட்டயா தோண்டுவேன்? குப்பியில போட்டு மருந்து குடுத்தா எல்லாம் நல்லதாயிரும்னு நெனச்சேன்."

நான் ரதீஷைப் பார்த்தேன். "டாக்டரே, நீரு வந்து மூட்டப் பாக்கலியா?"

"அண்ணாச்சி பெரிய விவசாயி… நம்பிக்கைதான்."

மறுபடி அந்த நம்பிக்கை! தாய் மரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அவர் வேலை, அதைச் செய்யவில்லை. பச்சைத் தண்டு வந்த அன்றைக்கே தாயில்தான் கோளாறு என்று அவருக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டு, ஒரு பிள்ளையின் மாதவிலக்கின் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். தெரியாமல் பேசிய ஜெயசிங்கையாவது என்றைக்காவது மன்னிக்க முடியும். இவரை என்னால் முடியாது.

பிறகு ரதீஷ், பெரிய மனது பண்ணுகிறவர் போல, "சரி ரெஜிஷா, நீ திங்கக்கிழமை ட்யூட்டிக்கு வந்துரு. நடந்தத மறந்துருவோம்" என்றார்.

"வாறேன் சார். அந்த வாக்கியத்தச் சொல்லுங்க."

"எந்த வாக்கியம்?"

"நான் முதல்ல கேட்டது. இவங்க எல்லாம் இருக்கும்போது சொல்லுங்க."

அவர் ஜெயசிங்கைப் பார்த்தார். ஜெயசிங் துண்டால் முகத்தைத் துடைத்தபடி, "என்ன இருந்தாலும் அந்த நாள்ல தொடப்பிடாது. அதுவும் ஒரு காரணந்தான்" என்று முணுமுணுத்தான். தன் சாணிக்குழிக்குப் பக்கத்தில், தன் பச்சைத் தண்டுக்கு முன்னால் நின்றுகொண்டே சொன்னான். ரதீஷ் அதை மறுக்கவில்லை. ஜெயசிங்கைப் பார்த்து நாலு ஊர் குப்பிக் கன்று வாங்கும். ரெஜிஷாவைப் பார்த்து யார் வாங்குவார்கள்? கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு, "பிறகு பேசுவோம்" என்றார்.

"அப்போ திங்கக்கிழமை நான் வரல சார்" என்றாள் ரெஜிஷா. குரலை உயர்த்தவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே விளைக்கு நடுவிலேயே நடந்து போனாள்.

சுதன் அந்த வாழையை எல்லாம் வெட்டிவிட்டு இந்த முறை மட்டி நட்டிருக்கிறான். மாமனாரிடம் கன்று கேட்கவில்லை. ஜெயசிங் என்னோடு பேசுவதில்லை. எதிரே வந்தால் வேலி ஓரமாக ஒதுங்கிப் போகிறான், என்மேல் தீட்டு இருக்கிற மாதிரி. ரதீஷின் லேப்பில் குப்பி அறைக் கதவில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறதாம்: 'உடல்நிலை சரியில்லாத நாட்களில் பெண் பணியாளர்கள் உள்ளே வரவேண்டாம்.' அங்கே வேலை பார்க்கிற பிள்ளை ஒருத்தி விக்டோரியாவிடம் சொன்னாள். படித்தவர் கையால் எழுதி ஒட்டியது.

அதற்குப் பிறகு நம் ஜில்லாவில் எந்த லேப்பும் ரெஜிஷாவைக் கூப்பிடவில்லை. அவள் இப்போது மாநில எல்லை தாண்டி, நெய்யாற்றின்கரையில், ஆர்க்கிட் பூச்செடி உண்டாக்குகிற ஓரிடத்தில் குப்பி அறையில் வேலை பார்க்கிறாள். இனயத்திலிருந்து தினமும் காலையில் பஸ் ஏறிப் போய், பொழுது சாயும்போது வீட்டுக்கு வருகிறாள்.